அச்சம் தரும் பெயர்களை ஆக்குவது எப்படி?

குழந்தைக்குப் பெயர் வைக்க உற்றார் உறவினர் எல்லாம் கூடுகின்றனர். கன்றுக்குட்டிக்குக் கூட வீட்டில் ஒருவர் ஆசையாய்ப் பெயர் வைக்கிறார். ஆனால் பேய்க்குப் பெயர் வைத்தவர் யார்? கொள்ளிவாய்ப் பிசாசு, ஐந்து கண்ணன், பூச்சாண்டி என்று சொல்லிச் சொல்லி நம் பாட்டிமார் சோறூட்டினார்களே, அந்தப் பெயர்களை முதன்முதலில் எண்ணிப் பார்த்துச் சொன்னவர் எவரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? பேயை யாரும் பார்த்ததில்லை. பெயரைக் கேட்டுத்தான் பயந்தோம். அப்படியானால் அச்சம் பேயிடத்தில் இல்லை, பெயரிடத்தில்தான் இருக்கிறது.

இதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு விளையாட்டே காரணம்.

வேடம் ஏற்கும் விளையாட்டு

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர் ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். "குகை வாயிலில் நிற்கிறாய், உள்ளே ஏதோ மூச்சு விடும் ஓசை கேட்கிறது, என்ன செய்வாய்?" என்று கதை சொல்பவர் கேட்பார். "விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாய்ப் போவேன்" என்று ஆடுபவர் சொல்வார். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். இவ்வளவுதான் விளையாட்டு. இன்று உலகின் பல நாடுகளில் இவ்வகை விளையாட்டுகளை ஆடுகின்றனர்.

நம் பகுதிக்கு வேடம் ஏற்பது புதிதன்று. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடும் மண் இது. கூத்தில் துச்சாதனன் கதை எப்படி முடியும் என்பது முன்னமே தெரியும். இவ்விளையாட்டிலோ முடிவு ஒருவருக்கும் தெரியாது. அதுதான் வேறுபாடு.

எங்கள் வகுப்பில் மதிய உணவு இடைவேளையில் நாங்கள் அறுவர் இதை ஆடுகிறோம். இவ்வாண்டின் கதை, வேற்றுக் கோள் ஒன்றில் இறங்கிய விண்கலத்தைப் பற்றியது. அக்கோளில் வாழும் உயிர்களுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. பெயரைக் கேட்டதும் தோழியருக்கு முதுகில் சில்லிட வேண்டும்! அதற்காகத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பழந்தமிழ்ப் பேய்களின் பெயர்கள்

பேய்களுக்குப் பெயர் சூட்டுவதில் நமக்கு ஆசான் செயங்கொண்டார். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடிய நூல் 'கலிங்கத்துப்பரணி'. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைக்கின்றன. சமைக்க வருமாறு ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கின்றன. அப்பெயர்களில் இரண்டு, கூரெயிறி, குதிர்வயிறி என்பன.

எயிறு என்றால் பல். கூர்மையான பல்லை உடையவள் கூரெயிறி. இது எளிதில் விளங்குகிறது. குதிர்வயிறி என்பதைப் பாருங்கள். குதிர் என்பது நெல் கொட்டி வைக்கும் பெரிய மண்கலம். நெல்லுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஆரணிப் பக்கத்தில் குதிரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது வீட்டின் மூலையில் நிற்கும்போது நமக்கு அச்சம் இல்லை, 'இவ்வாண்டு சாப்பாட்டுக்குக் குறைவில்லை' என்ற நிம்மதிதான் உண்டு. அதே குதிரைத் தூக்கி ஒருத்தியின் வயிறாக வைத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அதை நிரப்ப எத்தனை மூட்டை வேண்டும்? அவள் எதைக் கொண்டு நிரப்புவாள்?

இராமாயணத்திலும் இந்த முறையே உள்ளது. கும்பம் போன்ற காதை உடையவன் கும்பகருணன். முறம் போன்ற நகத்தை உடையவள் சூர்ப்பணகை. குதிர், குடம், முறம் ஆகிய மூன்றுமே நம் வீட்டுப் பொருள்கள்! தோழியரே, இதுவே நான் கண்ட முதல் விதி: தெரியாத சொல்லைத் தேடி ஓட வேண்டாம். தெரிந்த இரண்டு பொருள்களை, ஒன்றோடொன்று சேரக் கூடாத விதத்தில் சேர்த்தால் போதும்.

மேலே சொன்ன அமெரிக்க விளையாட்டிலும் மிகப் புகழ் பெற்ற விலங்கு ஒன்று இப்படிப்பட்டதே. காற்றில் மிதக்கும் உருண்டை, நடுவில் ஒரு பெரிய கண், உச்சியில் காம்புகளின் நுனியில் பத்துக் கண்கள். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'நோக்குபவன்' என்று வரும். அவ்வளவுதான்! எதை நோக்குகிறான், எதற்காக நோக்குகிறான் என்பதைச் சொல்லாமல் விட்டதால்தான் அச்சம் கூடுகிறது. நம் பாட்டியின் ஐந்து கண்ணனுக்கு அவன் தம்பி முறை ஆக வேண்டும்.

ஒலியில் பிறக்கும் அச்சம்

பொருளைப் போலவே ஒலிக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவரும் மூளையியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், எட்வர்டு ஹப்பார்டு என்பவரோடு சேர்ந்து 2001-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூர்முனைகள் நீட்டிய ஓர் உருவத்தையும், வளைந்து குமிழ்ந்த ஓர் உருவத்தையும் காட்டி, "இவற்றுள் ஒன்றின் பெயர் கிகி, மற்றதன் பெயர் பூபா. எது எதுவாக இருக்கும்?" என்று கேட்டனர். அமெரிக்க மாணவரிடமும் கேட்டனர், இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்டனர். இரு சாராரிலும் 95 விழுக்காட்டினர்க்குக் குறையாமல் கூர்முனை உருவமே கிகி என்றனர். மொழி வேறாயினும் காது ஒன்றுபோலவே கேட்கிறது. ஆகவே குத்தும் உயிருக்கு வல்லினமும், நழுவி வரும் உயிருக்கு மெல்லினமும் இடையினமும் பொருந்தும்.

இனி, நம் இலக்கண வகுப்பில் படித்ததைக் கொண்டே வேற்றுக் கோளின் ஒலியை உண்டாக்கலாம். எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்று நன்னூல் வரையறுத்துள்ளது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. வல்லின மெய் சொல்லின் இறுதியில் வாராது. அதனால்தான் நம் முன்னோர் வடமொழியிலிருந்து வந்த பெயருக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்து 'இராவணன்' என்று தமிழாக்கினர். பத்துத் தலை அரக்கனாயினும் தமிழுக்குள் வருவதென்றால் வாசலில் இகரத்திடம் அனுமதி பெற்றே வர வேண்டியிருந்தது!

அந்த விதியை வேண்டுமென்றே மீறிப் பாருங்கள். 'ழுணட்', 'ளவூக்' என்று சொல்லும்போதே, இது நம் ஊர்ப் பெயரன்று, நம் உலகப் பெயரும் அன்று என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் இதில் அளவு வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்ட் 1928-இல் வெளிவந்த கதையொன்றில் 'க்துலு' என்ற கடல்வாழ் பூதத்தைப் படைத்தார். மனித நாவால் சரியாக ஒலிக்க முடியாத பெயராக இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அது அவருக்குப் பலித்தது. 1981-இல் அப்பூதத்தின் பெயராலேயே ஒரு வேடமேற்கும் விளையாட்டும் வந்தது. நாமோ ஒரே கதையில் பத்து உயிர்களுக்கு இப்படிப் பெயர் வைத்தால், ஆடுபவருக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். எல்லோரும் சிரித்துவிடுவர். சிரிப்பு வந்த இடத்தில் பயத்துக்கு வேலை இல்லை.

பெயர் சொல்லாப் பெயர்

மூன்றாவது முறை எல்லாவற்றிலும் எளியது. பெயரைச் சொல்லாமலே விடுவது. இரவில் பாம்பைப் பாம்பு என்று சொல்லக் கூடாது, 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் நம்மைத் தடுத்திருக்கிறார்கள். பேயைப் பற்றிப் பேசும்போது 'காற்று கருப்பு' என்பர். காற்றுக்கு உருவம் இல்லை. இருட்டிலும் உருவம் தெரியாது. உருவமில்லாத இரண்டைச் சேர்த்து ஒரு பெயராக்கிய நம் கிராமத்து மக்களின் திறமையை என்னென்பது! எங்கள் கதையிலும் ஒரு உயிருக்கு 'அது' என்பதற்கு மேல் பெயர் கிடையாது. "அது வந்துவிட்டது" என்று கதை சொல்பவள் மெதுவாகச் சொன்னால், பேச்சு நின்றுவிடுகிறது.

தறியடியில் கிடைத்த பெயர்கள்

இந்த மூன்று முறைகளையும் அறிந்த பிறகு, பெயர்களுக்காக நான் வெளியே எங்கும் போகவில்லை. நம் ஊர்த் தறியே போதுமானதாக இருந்தது.

ஆரணியில் பலரது வீட்டில் குழித்தறி உண்டு. நெய்பவர் குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதிக்கிறார். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் மேலும் கீழுமாய்ப் பிரிகின்றன. இடையில் நாடா இங்குமங்கும் ஓடி ஊடையைச் சேர்க்கிறது. தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த முறை அது. அதில் கோத்த அட்டைகளில் உள்ள துளைகளே எந்த நூல் எழும்ப வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. மயிலும் மாங்காயும் சேலையில் இறங்குவது அப்படித்தான்.

இச்சொற்களைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். துளையிட்ட தாளும் அட்டை. இரத்தம் உறிஞ்சும் பிராணியும் அட்டை. ஊடையைக் கொண்டு ஓடுவது நாடா. குடலில் வாழ்வது நாடாப்புழு. உண்பவன் என்ற பொருளில் 'உண்ணி' என்கிறோம். மாட்டின் காதில் ஒட்டிக்கொள்வதும் உண்ணிதான். ஆகவே எங்கள் கோளில் இப்போது இவை வாழ்கின்றன:

துளையட்டை: உடலெங்கும் வரிசை வரிசையாய்த் துளைகள் உள்ளது. எந்தத் துளை திறக்கிறதோ அதற்கேற்ப எதிரே நிற்பவரின் கையோ காலோ தானே எழும்பும்.

பாவுண்ணி: இழுத்துக் கட்டிய எதையும் தின்பது. கயிறு, கம்பி, நரம்பு எல்லாம் அதற்கு ஒன்றே.

குழிமிதியன்: மண்ணுக்கு அடியில் இருப்பவன். அவன் மிதிக்கும்போது மேலே நடப்பவர்கள் இரு கூட்டமாகப் பிரிந்துவிடுவர். ஏன் பிரிந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

தறிச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த என் தோழி ஒருத்தி, குழிமிதியன் பெயரைக் கேட்ட அன்று, வீட்டில் தறிக் குழியில் விழுந்த தார்க்கட்டையை எடுக்கத் தம்பியை அனுப்பினாளாம்! பெயருக்கு இதைவிடப் பாராட்டு வேண்டுமா?

பட்டைப் பற்றி எண்ணியபோது வேறொன்றும் தோன்றியது. பட்டுப்புழு தன்னைச் சுற்றிப் பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் கூடு கட்டுகிறது. இழை அறுபடாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக, உள்ளே உயிர் இருக்கும்போதே கூட்டைச் சூடாக்கி, வெந்நீரிலிட்டு நூலெடுக்கின்றனர். அந்தப் புழுவிற்குப் பேசத் தெரிந்தால் நமக்கு என்ன பெயர் வைக்கும்? 'வெந்நீர்க்கையர்' என்று வைக்குமோ? நம் ஊருக்குச் சோறு போடும் தொழிலைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. வேற்றுக் கோளில் இறங்கும் நாமும், அங்குள்ளவர்களுக்கு வேற்றுக் கோளார்தாம் என்பதை நினைவில் கொள்வதற்காகவே எழுதுகிறேன். எங்கள் கதையில் அந்த உயிர்கள் விண்கலத்து மனிதரை இப்போது அப்பெயரால்தான் அழைக்கின்றன.

எங்கே நிறுத்த வேண்டும்?

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையில் முக்கியமானது. அச்சம் தரும் பெயர்களை ஆக்குவதற்கு நான்காவதாக ஒரு வழியும் உண்டு. மிகச் சுலபமான வழி. வேறு மனிதர்களின் பேச்சையும் உடலையும் எடுத்துப் பூதமாக்கிவிடுவது.

பழைய கிரேக்கர், தம் மொழி பேசாதவரின் பேச்சு 'பர் பர்' என்று கேட்டதால் அவர்களைப் 'பார்பரோஸ்' என்றனர். நாகரிகமற்றவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததே. நம் முல்லைப்பாட்டிலும், பாசறையில் காவல் நின்ற அயல்நாட்டு வீரர்கள் நாவால் பேசாமல் உடல் அசைவால் பேசுபவராகவே காட்டப்படுகின்றனர். அவர்களுக்கும் வீட்டில் ஒரு தாய்மொழி இருந்திருக்கும் அல்லவா?

இன்றைய திரைப்படங்களிலும் இது தொடர்கிறது. 'ஸ்டார் டிரெக்' படத்தின் கிளிங்கான் என்னும் வேற்றுக் கோளாருக்காக மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலார் ஒரு மொழியை அமைத்தார். அதன் அகராதி 1985-இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் காதுக்கு முரட்டுத்தனமாய்க் கேட்பதற்காக அதில் அவர் சேர்த்த ஒலிகளுள் ஒன்று, நாவை மேலே வளைத்து அண்ணத்தைத் தொட்டு ஒலிப்பது. அது என்ன ஒலி தெரியுமா? நாம் 'வண்டி' என்று சொல்லும்போது வருகிறதே, அந்த டகரம்! அங்கே வேற்றுக் கோளாரின் ஒலி, இங்கே நம் பாட்டி பேசும் ஒலி.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 2015-இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர் பேசும் 'கிளிக்கி' மொழியை ஆக்கியவர் நம் பாடலாசிரியர் மதன் கார்க்கி. காலகேயர் என்பது மகாபாரதத்தில் வரும் அசுரர் பெயர். அவர்கள் கடலுக்குள் ஒளிந்துகொள்ள, அகத்தியர் கடலையே குடித்தார் என்பது கதை. படத்தில் அம்மொழியைக் கேட்டுப் பலர் நடுங்கினர். ஆனால் அதன் முதல் வடிவத்தை அவர் ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் சிறு குழந்தைகளோடு விளையாடுவதற்காக அமைத்தாராம்! 'மின்' என்றால் நான், அதைத் திருப்பிய 'நிம்' என்றால் நீ. குழந்தை சொன்னால் மழலை, பற்களைக் காட்டும் படைத்தலைவன் சொன்னால் பயங்கரம். ஒலியில் குற்றம் ஒன்றும் இல்லை.

பூச்சாண்டியையும் மறக்க வேண்டாம். அப்பெயரைப் பூச்சு, ஆண்டி என்று பிரித்து, திருநீறு பூசிய ஆண்டி என்று பொருள் சொல்வோர் உண்டு. அது சரியானால், பிச்சைக்கு வந்த ஓர் ஏழையைக் காட்டியே இத்தனை தலைமுறைக் குழந்தைகளைப் பயமுறுத்தி வந்திருக்கிறோம். க்துலுவைப் படைத்த லவ்கிராப்டும் இதற்கு விலக்கன்று. வேற்று இனத்தார் மீது அவருக்கிருந்த வெறுப்பு அவருடைய கதைகளிலும் கடிதங்களிலும் வெளிப்படையாகவே உள்ளது. உலகக் கற்பனை இலக்கிய விருதுக்கு அவர் தலையுருவச் சிலையைக் கொடுத்து வந்தனர். எழுத்தாளர் பலர் எதிர்த்ததால் அவ்வுருவம் கைவிடப்படும் என்று 2015-இல் அறிவித்தனர்.

இவை எல்லாம் தொலைவில் உள்ளவை என்று எண்ணாதீர்கள். நம் இராமாயணத்திலேயே ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் மந்தரை. ஆனால் ஊரார் அவளைக் கூனி என்றே அறிவர். முதுகின் வளைவே அவளுக்குப் பெயராகிவிட்டது. சிறுவன் இராமன் விளையாட்டாக அவள் மீது மண் உருண்டைகளை வில்லால் எய்தான் என்றும், அதை அவள் மனத்தில் வைத்திருந்தாள் என்றும் கம்பர் கூறுகிறார். பதினான்கு ஆண்டு வனவாசத்திற்கும் ஒரு மன்னரின் மரணத்திற்கும் பின்னால், குழந்தை விளையாட்டு ஒன்று மறைந்து நிற்கிறது. அவள் செய்தது தவறே. ஆயினும் அவளை ஒருவராவது மந்தரை என்று அன்போடு அழைத்திருந்தால் என்று நான் எண்ணுவதுண்டு.

வேறோர் ஊரில் படிக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு முன்பற்கள் சற்று நீண்டிருக்கும். தோழிகள் விளையாட்டாக ஒரு பேயின் பெயரை வைத்தனர். வைத்தவர்கள் அதை மறந்தே போயிருப்பர். இரண்டு ஆண்டுகளாகியும் அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். புகைப்படத்தில் சிரிப்பதே இல்லை. களத்தில் கூழ் சமைக்கும் கூரெயிறியைப் படித்து நான் மகிழ்ந்தேன். அதே பெயர் ஒரு வகுப்பறையில் ஒரு பெண்ணின் மீது விழுந்தால் அது இலக்கியம் ஆகாது.

அதனால் எங்கள் விளையாட்டில் அறுவரும் சேர்ந்து மூன்று விதிகளை ஏற்படுத்திக்கொண்டோம். பெயரைப் பொருள்களிலிருந்து எடுக்கலாம். எவருடைய உடலிலிருந்தும், நிறத்திலிருந்தும், பேச்சிலிருந்தும் எடுக்கக் கூடாது. மேசையில் பிறந்த பெயர் மேசையிலேயே இருக்க வேண்டும்; மணி அடித்த பிறகு அப்பெயரால் ஒருவரை அழைத்தவள் அடுத்த ஆட்டத்தில் சேர முடியாது. அந்த உயிர்கள் நமக்கு என்ன பெயர் வைத்திருக்கும் என்பதையும் பெயர் சூட்டுபவள் சொல்ல வேண்டும்.

இம்மூன்று விதிகளால் எங்கள் கதையின் பயம் சிறிதும் குறையவில்லை. துளையட்டையின் பெயரைச் சொன்னால் இன்றும் ஆறு பேரும் கைகளை மடியில் இறுகப் பிடித்துக்கொள்கிறோம். இதைப் படிக்கும் தங்கையரும் தங்கள் வீட்டுச் சமையலறையிலோ, தறியடியிலோ, நெற்களத்திலோ தேடிப் பார்க்கலாம். இதுவரை யாரும் அஞ்சாத பொருள்கள் அங்கே எத்தனையோ உள்ளன.

— பத்தாம் வகுப்பு மாணவி, ஆரணி